கூரையோடு ஏற வேண்டும்

கார்ஸைடு குடும்பத்து வீட்டில் அந்த வாரம் முழுக்க ஒரே சண்டை. சண்டைக்குக் காரணம் ஒரு கூரை. வீட்டுக் கூரை இல்லை, காரின் கூரை.

டோர்காஸ் அத்தை கண்ணை மூடும் முன் தன் காரை அண்ணன் பிள்ளைகள் இருவருக்கும் பொதுவாக எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டாள். நல்ல மனசுதான். ஆனால் ஒரு காரை இரண்டு பேருக்கு எழுதி வைப்பதும், ஒரு எலும்பை இரண்டு நாய்க்கு நடுவில் போடுவதும் ஒன்றுதான் என்று அந்தப் புண்ணியவதிக்குத் தெரியாமல் போனது. அதுவும் லேசுப்பட்ட காரா! அஷ்லார் சிக்ஸ். ஆறு சிலிண்டர். கரும்பச்சை நிறம், நீண்ட மூக்கு, தொப்பி போட்டவன் குனிந்து உட்கார வேண்டிய தாழ்ந்த கூரை. ஸ்போர்ட்ஸ் சலூன் என்பார்கள். சலூன் என்றதும் முடி வெட்டும் கடை ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. இங்கிலாந்தில் கூரை போட்ட காருக்கு அதுதான் பெயர்.

தம்பி ஹ்யூபர்ட்டுக்கு அந்தக் கூரைதான் கண்ணை உறுத்தியது. அதை அறுத்துப் போட்டுவிட்டு, பின்சீட்டையும் பிடுங்கி எறிந்துவிட்டு, இரண்டு பேர் உட்காரும் பந்தயக் காராக மாற்ற வேண்டும், வசந்தம் வந்ததும் தன் சிநேகிதன் லாங்ரிஷோடு பந்தயப் பாதையில் ஓட்ட வேண்டும் என்று அவன் கனவு. அந்தக் காலத்தில், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருஷ வாக்கில், டெர்பிஷயர் வாலிபர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. நல்ல கார் ஒன்று கையில் கிடைத்தால் போதும், ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

அக்கா ரோவீனாவுக்குக் கூரை வேண்டும், பின்சீட்டும் வேண்டும். அவள் கால்நடை வைத்தியம் படித்துப் பட்டம் வாங்கியவள். சந்தைத் தெருவில் பலகை மாட்டி இலையுதிர்காலம் போய்க் குளிர்காலம் வந்துவிட்டது. வந்ததெல்லாம் சீமாட்டிகளின் மடி நாய்களும் ஒரு கிளியும்தான். மாடு ஒன்றுகூட வரவில்லை. மாடெல்லாம் மலைமேல் இருந்தது. மலைப் பண்ணைகளுக்குப் பழைய வைத்தியர் பனிக்காலத்தில் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே போய்ச் சேருகிறவருக்குத்தான் பிழைப்பு. பனியிலும் மழையிலும் மருந்து நனையாமல், பின்சீட்டில் ஒரு சீக்கு ஆட்டுக்குட்டியைக் கிடத்திக்கொண்டு போக அவளுக்கு இந்த ஒரு வண்டியை விட்டால் வேறு நாதி கிடையாது.

"கூரை எதுக்குக்கா? ரேசுக்கு எவனாச்சும் குடை பிடிச்சிட்டுப் போவானா?" என்றான் ஹ்யூபர்ட், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"ரேசுக்கு நீ போ. நான் கன்னுக்குட்டி பாக்கப் போறேன்."

"கன்னுக்குட்டி கடுதாசி போட்டுக் கூப்பிட்டுச்சா? இதுவரைக்கும் ஒரு மாடாவது உன் வாசல்ல வந்து நின்னிருக்கா?"

அது சுருக்கென்று தைத்தது. தைத்ததை அவன் பார்த்தான், பார்த்தும் நிறுத்தவில்லை. இந்தத் தம்பிமார்களே இப்படித்தான்.

"மலைக்குப் போறாளாம் மலைக்கு! இந்த அலமாரிய வச்சுக்கிட்டு ஹாப்ஸ் லேடர் ஏறிக் காட்டு பாப்போம். சனிக்கிழமை நம்ம கார் கிளப் போட்டி அங்கதான். ஏறிட்டேன்னா கார் உனக்கு, கூரையோட. நான் மூச்சு விட மாட்டேன். ஏறலைன்னா திங்கக்கிழமை ரம்பம்."

ரோவீனா தேநீர்க் கோப்பையை வைத்தாள். "கையக் கொடு," என்றாள்.

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனால் அந்த ஊரில் கை குலுக்கிவிட்டால் பத்திரம் எழுதின மாதிரி. கொடுத்த கையைப் பின்னால் இழுக்க முடியவில்லை.

ஹாப்ஸ் லேடர் என்பது பாதை என்று சொல்லிக்கொள்ளும் ஒரு ஓடை. பாறைப் படிகள், அவற்றின்மேல் சேறு, இரண்டு பக்கமும் கல் சுவர். சுமை இழுக்கிற குதிரைகளே அங்கே நின்று யோசிக்கும். இப்படிப்பட்ட மேட்டில் கார்களை ஏற்றிப் பார்ப்பதுதான் கிளப்பின் குளிர்கால விளையாட்டு. வேகம் முக்கியமில்லை. நிற்காமல் ஏற வேண்டும். நடு மேட்டில் மட்டும் கோடு போட்டு நிறுத்துவார்கள். கொடி அசைந்ததும் அங்கிருந்து மறுபடி கிளம்ப வேண்டும். அப்போது ஒரு விரற்கடை பின்னால் உருண்டாலும் போச்சு.

போட்டிக் காரில் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது விதி. ஒருவர் ஓட்டுவார். மற்றவர் பின்சீட்டில் உட்கார்ந்து, சக்கரம் சேற்றில் வழுக்கும்போதெல்லாம் எழும்பி எழும்பிக் குதிப்பார். அந்தக் கனத்தில் சக்கரம் தரையைப் பிடித்துக்கொள்ளும். ரோவீனாவோடு வருவதாகச் சொல்லியிருந்த தோழி சனிக்கிழமை காலையில் காய்ச்சலோடு படுத்துவிட்டாள்.

அடிவாரத்தில் பனிச்சாரல் ஊசி ஊசியாகக் குத்தியது. திறந்த சின்னக் கார்கள் வரிசையாக நின்றன. ஓட்டுகிறவர்கள் தோல் கோட்டும் கண்ணாடியுமாகப் பன்றிக்கறிப் பணியாரத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவே பச்சை சலூன் வந்து நின்றதும் லாங்ரிஷ் வாயைத் திறந்தான்.

"அடடே, வரவேற்பறையே சக்கரம் கட்டிட்டு வந்திருக்கு! திரைச்சீலை எங்கம்மா? பியானோ பின்னாடி வருதா?"

எல்லோரும் சிரித்தார்கள். ரோவீனா காரிலிருந்து இறங்கினாள். நேராக ஹ்யூபர்ட்டிடம் போனாள்.

"என்கூட ஆள் இல்ல. நீ ஏறு பின்னாடி."

"நானா? என்னக்கா விளையாடுறியா? நீ தோக்கணும்னு நிக்கிறவன் நான்."

"தெரியும். அதனாலதான் கூப்பிடுறேன். நான் ஏறினேன்னு நாளைக்கு வேற யாரும் வந்து உனக்குச் சாட்சி சொல்ல வேண்டாம் பாரு."

கிளப்பில் குதிக்கக் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்வது மரியாதை இல்லை. சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான் ஹ்யூபர்ட். போகிற போக்கில் டிக்கியைத் திறந்து, லாங்ரிஷ் இரவல் கொடுத்திருந்த ரம்பத்தை உள்ளே போட்டான். "எதுக்கும் பக்கத்துலயே இருக்கட்டும்," என்று கண்ணடித்தான்.

அவள் சேற்றில் பிடிப்புக்காக டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கிக்கொண்டிருந்தபோது, சுவரோரமாகச் சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு நின்ற ஒரு கிழவர் பேச்சுக் கொடுத்தார். ஜெத்ரோ பாக்ஷா. மேட்டின் உச்சியைத் தாண்டினால் அவருடைய பண்ணைதான் முதலில் வரும்.

"நீதான் அந்த மாட்டு டாக்டரம்மாவா?"

"ஆமாங்க."

"பொம்பளையா இருக்கியேன்னு சொல்லல. பசுவுக்கு அதெல்லாம் தெரியாது. பழையவர் ஆம்பளதான், என்ன பிரயோசனம்? மழை பெஞ்சா மேல வர மாட்டார். மேல வர்றவங்க வந்தா கூப்பிடுறேன். கீழயே நிக்கிறவங்கள வச்சு நான் என்னம்மா செய்ய?"

நியாயமான பேச்சு. தோற்றால் கூரை மட்டும் போகாது. மேலே இருக்கிற அத்தனை பண்ணைகளும் சேர்ந்து போகும்.

அவர்களுக்கு முன்னால் போன சின்னக் கார் நடு மேட்டில் திணறியது. உருண்டதா இல்லையா என்று கோட்டருகே கொடியோடு நின்ற நடுவர், மார்ஷல் பெவரிலுக்குச் சந்தேகம். அதற்கும் அங்கே ஒரு வழக்கம் உண்டு. சந்தேகம் வந்தால் மார்ஷல் ஓட்டுகிறவரைக் கேட்க மாட்டார், பின்சீட்டுக்காரரைக் கேட்பார். அவர் சொன்னால் சொன்னதுதான், மேல்முறையீடு கிடையாது. அந்தக் காரின் பின்சீட்டுக்காரன் தொப்பியைக் கழற்றி, "உருண்டுச்சு சார்," என்றான். ஓட்டியவன் பல்லைக் கடித்துக்கொண்டு காரைப் பின்னால் இறக்கினான்.

அடுத்தது பச்சை சலூன்.

அஷ்லாரின் கியரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஸ்டியரிங்கின் நடுவில் ஒரு சின்னக் குச்சி இருக்கும். அடுத்த கியர் எது என்று அதில் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட வேண்டும். பிறகு இடது காலால் பெடலை ஒரு தடவை அமுக்கி விட்டால் கியர் தானாக மாறும். ஆனால் முழுசாக அமுக்க வேண்டும். அரைகுறையாக அமுக்கினால் கியரும் விழாது. பெடல் வழக்கத்தைவிட மேலே எகிறி வந்து முழங்காலில் உதைக்கும். உதை என்றால் சாதாரண உதை இல்லை. டோர்காஸ் அத்தை ஓட்டக் கற்றுக்கொண்ட வருஷம் கோயிலுக்கு நொண்டிக்கொண்டே போனாள். கழுதைக்கு வாழ்க்கைப்பட்டு உதைக்கு அஞ்சலாமா என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ரோவீனா இரண்டாவது கியரில் கிளம்பினாள். ஆறு சிலிண்டரும் ஒரே குரலில் உறுமின. முதல் வளைவு வரை எல்லாம் நன்றாகவே போனது. சேறு இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி எழும்பிச் சுவரில் அடித்தது. பின்னால் ஹ்யூபர்ட் கையைக் கட்டிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தான்.

"குதிக்கலையா?"

"இன்னும் வழுக்கலையேக்கா. வழுக்கினா பாக்கலாம்."

பாறைப் படிகள் தொடங்கின. வண்டி மூச்சு வாங்கியது. முதல் கியருக்கு இறங்க வேண்டும். குச்சியைத் தள்ளினாள், பெடலை மிதித்தாள். மிதிக்கிற அந்த நொடியில் முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறி வண்டி தூக்கிப் போட்டது. 'நின்றுவிடுமோ' என்று ஒரு பயம் வந்தது. பயத்தில் கால் பாதியிலேயே திரும்பிவிட்டது.

பெடல் உதைத்தது.

முழங்கால் சில்லில் சம்மட்டியால் அடித்தாற்போல் இருந்தது. கண்ணில் நீர் தெறித்தது. எஞ்சின் வெறுமனே அலறியது. சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. வண்டி, வந்த வேகத்தின் மிச்சத்தில் மெல்ல ஊர்ந்தது. கோட்டுக்கு இன்னும் ஒரு வண்டி நீளம் இருந்தது. அதற்குள் நின்றுவிட்டால் எல்லாம் முடிந்தது.

"விட்டுரு அக்கா!" என்று ஹ்யூபர்ட் கத்தினான். அதில் கேலி இல்லை. பயந்துவிட்டான். "காலு போயிடும், விட்டுரு! கார வித்துப்புட்டு ஆளுக்குப் பாதியா எடுத்துக்கலாம்!"

"பாதியா?" என்றாள் ரோவீனா. "பாதியாப் போனதுக்குத்தான்டா இந்த உதை!"

எகிறி நின்ற பெடல் இரும்புக் கதவு மாதிரி கனத்தது. அவள் முதுகைச் சீட்டில் முட்டுக் கொடுத்து, ஸ்டியரிங்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அடிபட்ட அதே காலால் அதை அமுக்கினாள். அமுக்கினாள் என்று நான் சுலபமாகச் சொல்லிவிட்டேன். பல் நறநறவென்றது. தொடை நடுங்கியது. பெடல் அடிப்பலகையில் போய் இடித்த பிறகுதான் விட்டாள். முதல் கியர் கப்பென்று பிடித்தது. வண்டி நிற்கப் போன இடத்திலிருந்து ஒரு குலுக்குக் குலுக்கி முன்னே போய், கோட்டின்மேல் மூக்கை வைத்தது.

"நிறுத்துங்க," என்றார் பெவரில், கையைத் தூக்கி.

அவள் மறுபடி அந்தப் பெடலை அமுக்கிப் பிடித்து, கைப் பிரேக்கை இழுத்தாள். கால் வெடவெடவென்று ஆடியது. மார்ஷல் கொடியை எடுத்துச் சாவகாசமாகத் தட்டினார். இந்த மார்ஷல்கள் எல்லோருக்கும் அப்போதுதான் உலகத்தில் இல்லாத நிதானம் வரும். சுவரின்மேல் கூட்டம் ஏறி நின்றது. லாங்ரிஷ் வாயில் பைப்போடு முன்வரிசையில் நின்றான். பாக்ஷா எப்படியோ குறுக்குவழியில் மேலே வந்துவிட்டிருந்தார்.

கொடி அசைந்தது.

பிரேக்கை விட்டாள், பெடலை விட்டாள். பின்சக்கரங்கள் சுற்றின. சுற்றினவே தவிர வண்டி நகரவில்லை. பாறையில் ரப்பர் தேய்ந்து நீலப் புகை எழும்பியது. பின்னால் சரிவு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

"குதிடா!"

அவன் அசையவில்லை. கண்ணாடியில் அவன் முகம் வெளுத்துப் போய்த் தெரிந்தது.

"ஹ்யூ! குதிக்கிறதுன்னா குதி! இல்லைன்னா கதவத் திறந்து இறங்கிப் போ! பாதியில உக்காராத!"

அவனுக்கு என்ன ஆனதென்று தெரியாது. இரண்டு கையாலும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எழும்பினான். மடேர் என்று தலை கூரையில் இடித்தது. விழுந்தான். சக்கரம் ஒரு கணம் பிடித்தது. "ஐயோ!" என்று கத்திக்கொண்டே மறுபடி எழும்பினான். மடேர். மறுபடி. மடேர். எந்தக் கூரையை அறுக்க வேண்டும் என்று நின்றானோ அந்தக் கூரை அவன் உச்சந்தலையை ஒரு கை பார்த்தது. ஒவ்வொரு இடிக்கும் சக்கரம் ஒரு கல்லைப் பற்றியது. வண்டி உறுமியது, சரிந்தது, பற்றியது. பிறகு சட்டென்று கயிறு அறுத்த காளை மாதிரி மேலே பாய்ந்தது.

உச்சியில் சமதளத்தில் வந்து நிறுத்தியபோது ரோவீனாவுக்குக் கை மட்டும்தான் இருந்தது. கால் இருக்கிற மாதிரியே தெரியவில்லை.

பெவரில் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். கூட்டமும் வந்தது.

"நல்லா ஏத்தினீங்க மிஸ் கார்ஸைடு. ஆனா கிளம்பும்போது ஒரே புகை. சக்கரம் எனக்குத் தெரியல." அவர் குனிந்து பின்சீட்டைப் பார்த்தார். "தம்பி, நீங்க சொல்லுங்க. வண்டி பின்னால உருண்டுச்சா?"

அக்கா தம்பிக்குள் நடந்த பந்தயக் கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். லாங்ரிஷ் பைப்பை வாயிலிருந்து எடுத்தான். 'ஆமாம்' என்று ஒரு சொல் போதும். யாராலும் பொய் என்று நிரூபிக்க முடியாது. திங்கட்கிழமை ரம்பம், வசந்தத்தில் பந்தயப் பாதை. ரோவீனா திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்ச வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கெஞ்சக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஹ்யூபர்ட் நசுங்கிப் போன தொப்பியைத் தலையிலிருந்து மெதுவாகக் கழற்றினான்.

"ஒரு நூல்கூட உருளல சார்," என்றான்.

"நிச்சயமா?"

"பக்கத்து ஜன்னல் வழியா அந்தச் சுவத்துக் கல்லையே பாத்துட்டு இருந்தேன் சார். எப்படா உருளும்னுதான் பாத்தேன். உருளல."

பெவரில் தலையை ஆட்டிவிட்டுத் தன் அட்டையில் ஒரு குறி போட்டார். லாங்ரிஷ், "முட்டாப்பயலே!" என்று பைப்பைச் சுவரில் தட்டினான். சிலர் கை தட்டினார்கள். ரோவீனாவுக்கு அழுகை வந்தது. வந்த அழுகையை அவள் மறைக்கவும் இல்லை.

"ஏன்டா குதிச்ச?" என்று கேட்டாள்.

"கையக் கட்டிட்டு உக்காந்திருக்க முடியலக்கா. அவ்வளவுதான்." உச்சந்தலையைத் தடவிப் பார்த்தான். கோழிமுட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. "தகரம்னு நெனச்சேன். உள்ள என்ன கருங்கல்லா வச்சிருக்காங்க?"

அதற்குள் பாக்ஷா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கண்ணாடியைத் தட்டினார். முகத்தில் சிரிப்பில்லை.

"டாக்டரம்மா, என் செவலைப் பசு காலையிலேர்ந்து கன்னு போட முடியாமத் தவிக்குது. ஒத்தக் குளம்புதான் வெளிய தெரியுது. வர்றீங்களா?"

காலையிலிருந்து! மேலே பசுவை அப்படி விட்டுவிட்டு, வைத்தியச்சி மேட்டை ஏறுவாளா மாட்டாளா என்று பார்க்க மனுஷன் பனியில் நின்றிருக்கிறார். ஏறாத ஆளைக் கூப்பிட்டு என்ன பயன் என்று, பசுவைப் பற்றிக் கீழே வாய் திறக்கவும் இல்லை. மலைக்காரர்கள் அப்படித்தான்.

"பை பின்னாலதான் இருக்கு. ஏறுங்க," என்றாள் ரோவீனா. பெடலில் காலை வைத்தாள். வைத்ததும் "அம்மா!" என்று வாய்விட்டு அலறிவிட்டாள். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அந்தக் கால் இனி எதையும் அமுக்காது.

தம்பியும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இறங்கி இந்தப் பக்கம் வா," என்றாள். "நீ ஓட்டு."

"உன் காராச்சே," என்றான் அவன்.

"என் கார்தான். ஓட்டுன்னு நான்தானே சொல்றேன்."

அவள் பக்கத்துச் சீட்டுக்கு நகர்ந்தாள். பாக்ஷா சேற்றுப் பூட்ஸோடு பின்சீட்டில் ஏறி, "பரவால்ல, நல்லா கதகதன்னு இருக்கு," என்று சாக்கை மடியில் மடித்து வைத்துக்கொண்டார். ஹ்யூபர்ட் குச்சியைத் தள்ளினான். சாதாரணக் கார் ஓட்டிப் பழகிய கால். கிளட்ச் மாதிரி லேசாக ஒரு மிதி மிதித்தான்.

பெடல் உதைத்தது.

"ஐயோ, செத்தேன்!" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

ரோவீனா கண்ணீரோடு சிரித்தாள். பின்னாலிருந்து பாக்ஷா, "சீக்கிரம் தம்பி, பசு காத்திருக்கு," என்றார்.

"முழுசா அமுக்குடா," என்றாள் அக்கா.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அடிவரைக்கும் அமுக்கினான். கியர் விழுந்தது. டிக்கியில் ரம்பம் கடகடக்க, கூரைமேல் பனி கொட்டக் கொட்ட, பச்சை வண்டி பாக்ஷா பண்ணையின் பக்கம் திரும்பியது.